கவிழ்த்து வைத்த பூச்சாடிகள்

டாலிகஞ்ச் பக்கம் எங்கள் தமிழ்ச் சபை கூடுகிற கோயிலில், பீடத்தின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பித்தளைப் பூச்சாடிகள் உண்டு. கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்தவை. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. இன்று சனிக்கிழமை. மதியமே வந்து இரண்டையும் கொட்டிக் கழுவி, குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து, ஜன்னல் வெயிலில் காய வைத்தேன். புதனும் சனியும் இது என் வேலை. இதற்காகவே லேக் கார்டன்ஸிலிருந்து ஆட்டோ பிடித்து வருகிறேன். சபைப் பெண்கள் என் பக்தியைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். பக்தியெல்லாம் இல்லை, பயம். பயம் எனக்குக் கூடவே பிறந்தது. கேஸை அணைத்தேனா என்று பார்க்க மூன்று தரம் படியேறி வருகிறவள் நான். ஆனால் இந்தப் பூச்சாடிப் பயம் எந்த நாளில் பிறந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். நாலு வருஷத்துக்கு முன்பு எங்கள் சபைக்கு வந்த ஐயரம்மா, முதல் ஞாயிறே எங்களைச் சங்கடப்படுத்தினார். ஆராதனை முடிந்து நாங்கள் டீ குடித்துப் போட்ட காகிதக் கப்புகளை, பட்டுச் சேலை கட்டியிருந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? எல்லோரும் குனிந்தோம். இரண்டு மாதத்தில் டீ மண் குவளைக்கு மாறியது. விருந்துக்குத் தெர்மாகோல் தட்டு போய்ச் சால் மரத்து இலையில் தைத்த தட்டு வந்தது. பழைய சேலைகள் பைகளாயின. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குக் கீழே ஒரு நீல டிரம் வைத்து, மழைநீர் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றச் சொன்னார். டிரம்மின் வாயைத் தன்னுடைய பழைய வெள்ளை நூல் சேலையால் இறுக்கிக் கட்டியதும் அவர்தான். முதுகுக்குப் பின்னால் அவரைக் குப்பை ஐயரம்மா என்று கேலி செய்தவர்கள் உண்டு. அவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வார். “நமக்குப் பின்னால வாறவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணும்லா” என்பார். அவர் செய்த பிரசங்கமெல்லாம் அவ்வளவுதான்.

பூச்சாடி என் கைக்கு வந்தது அந்த வருஷ மழைக்காலத்துக்குச் சற்று முன்பு. வாராவாரம் பீடத்துக்கு வாங்கும் பூ பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும், திங்கட்கிழமை குப்பைக்குப் போகும். அதை நிறுத்திவிட்டு, சாடிகளில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் கொடிகளை வைத்தார் ஐயரம்மா. பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் தந்தார். “தண்ணிய மட்டும் வீணாக்கிராத, என்ன?” என்றார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான். குறைந்த தண்ணீருக்கு மேல் தண்ணீர் ஊற்றினேனே தவிர, இரண்டு மாதமாக ஒரு தடவைகூடப் பழைய தண்ணீரைக் கொட்டவில்லை. ஒரு சொட்டு வீணாகவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மழை தொடங்கியதும் கார்ப்பரேஷன் ஆட்கள் தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். டிரம்மைச் சுற்றி வந்து, துணிக்கட்டை இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். எங்கள் கண்ணும் எப்போதும் அந்த டிரம்மின் மேல்தான் இருந்தது. பீடத்தை யார் பார்ப்பார்கள்? பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐயரைத் தவிர யாரும் கால் வைக்க மாட்டோம். முக்காடு போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சொம்பும் கையுமாக நான் ஒருத்திதான் போய் வந்தேன்.

ஆகஸ்டில் ஐயரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பாடகர் பயிற்சிக்குப் பகலெல்லாம் கிராதியை ஒட்டிய ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர். திங்கட்கிழமை தலைவலி என்றார், வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. தினமும் காலையில் சபையின் வாட்ஸாப்பில் பிளேட்லெட் எண்ணிக்கையைப் போடுவார்கள். ஒவ்வொரு நாளும் அது இறங்கிக்கொண்டே வந்தது. போனைத் திறக்க எனக்குத் தைரியம் வராது. என் கணவர் பார்த்துச் சொல்வார். பாங்கில் வேலை பார்க்கிறவர், எதையும் ஒரே குரலில்தான் சொல்வார். அந்தக் குரலை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வாரச் சனிக்கிழமை வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றப் போனேன். கொடி ஒன்று மஞ்சளாகி இருந்தது. பிடுங்கிப் போடலாமென்று இழுத்தேன். வேரோடு வந்த தண்ணீர் என் உள்ளங்கையில் நின்றது. அதில் நூல் துணுக்குகள் மாதிரி ஏதோ நெளிந்தன. கொசுப் புழுக்கள். இரண்டு சாடிகளையும் தூக்கிக்கொண்டு பின்வாசல் சிமெண்டுத் தரையில் கொட்டினேன். சுள்ளென்ற வெயில். நூறோ இருநூறோ, துள்ளித் துள்ளி அடங்கின. தரை காயும்வரை அங்கேயே நின்றேன். பிறகு சாடிகளைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, கொடிகளைத் திரும்ப வைத்து வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் எழுந்தார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனைக்கும் அந்த டிரம்தான் காரணம், இன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. வெள்ளைச் சேலை முடிச்சு இறுகிக் கிடந்தது, அவிழ்க்க வரவில்லை. மெல்லிய விரல் உள்ளவர் யாராவது வாருங்கள் என்றார்கள். நான்தான் போய் அவிழ்த்தேன். உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது, ஒரு தூசி இல்லை. அதைக் கவிழ்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் டீ மறுபடியும் காகிதக் கப்பில் வந்தது.

எந்தக் கொசு எங்கே பிறந்து யாரைக் கடித்தது என்று யார் கண்டது என்றார் என் கணவர், அவரிடம் மட்டும் சொன்னபோது. நியாயம்தான். ஆனால் நியாயம் எனக்குத் தூக்கத்தைத் தரவில்லை.

ஐயரம்மா பிழைத்து வந்தார். பாதியாக இளைத்திருந்தார், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. பார்க்கப் போன நான் கொண்டுபோன கஞ்சியைக் கீழே வைக்கும் முன்பே அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கஞ்சியை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: “வீணாக்காதன்னு சொன்ன வாய், மாத்துன்னும் சொல்லிருக்கணும். அந்தத் தப்பு என் மேல. ஆனா டிரம்மு மேல பழி நிக்கக் கூடாது. நான் சொன்னா உன்னக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும். நீயே சபைல சொல்லிரு.”

சரி என்று தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழ நினைத்தேன், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒவ்வொரு முறையும் முன்வரிசையிலிருந்து அவர் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். கோபமில்லாத பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் ஐயருக்குத் தெற்கே மாற்றலானது. ஹவுரா ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவராகவும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. மழைத்தண்ணீரைச் சேர்த்துக் காய்ச்சலை வாங்கிக்கொண்ட ஐயரம்மா என்ற பேரோடுதான் இந்த ஊரை விட்டுப் போனார்.

இப்போது சபையில் ஐடி வேலைக்கு வந்த இளைஞர்கள் நிறைய. டிரம் வைக்கலாம், மண் குவளைக்குத் திரும்பலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளை ஆராதனைக்குப் பின் அதைப் பேசி முடிவெடுக்கிறார்கள். செயலாளர் இப்போதே எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். எனக்கும் போட்டார். “அந்த டிரம்மால ஐயரம்மா சாகப் பொழைக்கக் கெடந்தது மறந்து போச்சாம்மா?” என்றார். மறக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

சாடிகள் காய்ந்துவிட்டன. வழக்கமாக இந்நேரம் தண்ணீர் ஊற்றிக் கொடிகளை வைத்திருப்பேன். இன்று கொடிகளை ஈரத்துணியில் சுற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெறும் சாடிகள் இரண்டையும் பீடத்தின் இரு ஓரத்திலும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். நானாக எழுந்து பேசுவேன் என்ற நம்பிக்கை எனக்கு என் மேல் இல்லை. நாளை மாலை நாலு மணிக்கு ஆராதனை. பீடம் ஏன் இப்படி இருக்கிறதென்று யாராவது என்னைக் கேட்பார்கள்.