மூக்கு கடலுக்கு, டிராக்டர் பின்னுக்கு

2006 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பனி விலகி வாடைக்காற்று லேசாக வீசிக்கொண்டிருந்தது. காரைக்கால்மேட்டில் எங்கள் தெருமுனையில் தம்பியின் புது ஃபைபர் படகு டிரெய்லரில் வந்து நின்றது. பழைய படகைச் சுனாமி கொண்டுபோனதிலிருந்து அவன் அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் படகு மணலைத் தொட வேண்டும். தவறினால் அடுத்த நல்ல நாள் மாசி பன்னிரண்டாம் தேதிதான்.

புதுப் படகு கடலை முதலில் மூக்கால்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் மூக்கை டிரெய்லரின் வால்பக்கம் வைத்து ஏற்றியிருந்தார்கள். டிராக்டர் தெரு முழுக்கப் பின்னாலேயே வந்தாக வேண்டும். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். கொஞ்சம் அதிகமானால் இரண்டும் கத்தரிக்கோல்போல மடிந்துகொள்ளும்.

ஓட்டுநர் திருநள்ளாறு பக்கம் நெல் ஏற்றுகிறவர். எங்கள் ஆட்களோ கரையிலும் காற்றின் பெயரால் திசை சொல்பவர்கள். வடக்கு என்றால் வாடை, தெற்கு என்றால் சோழகம்.

"வாடைக்கு ஒடி! வாடைக்கு!"

"யோவ், சோழகத்துக்கு விடுய்யா, முருங்கை போவுது!"

ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டார். "என்னாங்க இது, காத்து பேரெல்லாம் சொல்றாங்க? லெஃப்டா ரைட்டான்னு யாராச்சும் ஒரு ஆளு சொல்லுங்க."

பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று என்னை முன்னே தள்ளினார்கள். "ரைட்டு" என்றேன்.

"எனக்கு ரைட்டா, டிரெய்லருக்கு ரைட்டாங்க?"

நான் யோசித்தேன். மீன்கூடையோடு நின்ற பக்கத்து வீட்டு அக்கா, "சார் கணக்கு போட்டு முடிக்கட்டும், நாம போயி சோறாக்கிட்டு வருவோம்" என்றார். தெருவே சிரித்தது.

டிரெய்லர் ஆறு முறை உள்ளே வந்தது; ஆறு முறையும் மடிந்து வெளியே போனது. தெரு திரும்பும் இடத்தில் வாடைப் பக்கம் என் மதில். எட்டு நாள் முன்புதான் கட்டி முடித்தது. படகுக்கும் மதில் மூலைக்கும் நடுவே மூன்று விரல் இடம். டிரெய்லர் வளைய இரண்டடியாவது வேண்டும். மணி பத்து பத்து.

"வேணாண்ணே, செவுரு போயிடும். மாசியில பாத்துக்குவோம்" என்றான் தம்பி. அவன் கை மட்டும் படகைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"கடப்பாரை யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி, "ஏங்க, ஈரங்கூட காயலியே!"

"காயாததுதான் நல்லது. சீக்கிரம் விழும்."

மூலை விழுந்தது. ஏழாவது முறை யாரும் வாய் திறக்கவில்லை. ஓட்டுநர் தானே திரும்பிப் பார்த்துப் பார்த்து ஒடித்தார். பத்து இருபத்தாறுக்குப் படகின் மூக்கு மணலில் பதிந்தது.

தம்பி தேங்காய் உடைத்துவிட்டு வந்தான். "செவுத்துக்கு நான் தரேண்ணே."

"மொதல்ல மீனைப் புடி."

அந்த மூலையை நான் மறுபடி அடைக்கவில்லை. படகைப் பழுதுபார்க்க ஏற்றிப்போய் வர வேண்டுமே என்று அகலமாக இரும்புக் கதவு போட்டேன். அன்று கூச்சல் போட்டவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. டிராக்டர் பின்னால் வரும் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைக்கிறேன். கதவுத் தூணுக்குச் செங்கல், சிமெண்டு, கொத்தனார் கூலி, கதவு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.