பம்பரம் செய்த டெரோசார்

அருங்காட்சியகத்தின் பின்பக்கப் பட்டறையில் விலங்கு உருவங்கள் செய்யும் வெல்டரைப் பம்பரம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். கப்பல் பட்டறை, கதவுக் கம்பெனி, சர்க்கஸ் கூடாரம் என்று எங்கும் நிலைத்ததில்லை. சின்ன மனக்கசப்பு போதும், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்கு வந்து, "இனிமே இப்படிச் செய்ய மாட்டேன், சத்தியமா" என்பார். இந்த முறை மனைவி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்: "இந்த வேலையையும் விட்டீங்கன்னா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்." சொன்னதைச் செய்கிறவள் அவள்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த விலங்கைச் செய்தாலும் முதலில் அதுபோலத் தானே நடந்து பார்த்துவிட்டுத்தான் கம்பியை வளைப்பார். முதலைக்காக வயிறு தேயத் தவழ்ந்தார். கரடிக்காக மரத்தில் முதுகைத் தேய்த்துச் சட்டையைக் கிழித்துக்கொண்டார். தைத்துத் தைத்து மனைவி அலுத்துப்போனாள். டைனோசர் காலத்து ராட்சதப் பறக்கும் ஊர்வனவான டெரோசாரைச் செய்யச் சொன்னபோது கை சும்மா இருக்குமா? வரைபடத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார், காற்றில் கைகளை விரித்தார். அவ்வளவுதான், பட்டறையை அடைத்துக்கொண்டு பத்து மீட்டர் இறக்கை விரிந்துவிட்டது.

அருங்காட்சியகத்தின் ஆராய்ச்சியாளர் அம்மா வந்து பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் கேட்டது நிக்கிற டெரோசார். இது எப்பவும் வானத்துலயே திரிஞ்சதில்ல. ஒட்டகச்சிவிங்கி உயரம். இறக்கையை மடிச்சு, அதையே முன்னங்காலா ஊனி நாலு கால்ல நடக்கும். நாரை மாதிரி குனிஞ்சு, புதர்ல இருக்கற சின்னப் பிராணிகளைக் கொத்தித் தின்னும்."

"இவ்ளோ பெரிய இறக்கையை வெச்சுக்கிட்டு நடந்துச்சா?" பம்பரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இரை தேடினது தரையிலதான்னு நினைக்கிறோம். கண்காட்சி அடுத்த வாரம். வெட்டித்தான் ஆகணும்."

பம்பரத்துக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கியது. பையை மாட்டியாகிவிட்டது, வாசல் வரை வந்தாகிவிட்டது. தன் கையால் செய்ததைத் தானே வெட்டுவதா? எவன் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்! ஆனால் வாசலில் ஒரு சந்தேகம் பிடித்து இழுத்தது. திரும்பிக் கேட்டார்: "சரி மேடம், வரைபடத்துல இருநூறு கிலோவுக்கு மேலன்னு போட்டிருக்கே. அப்புறம் எப்படி மேல கிளம்பும்? ஓடியா?"

"ஓடத் தேவையில்ல. நின்ன இடத்துலயே பதுங்கி, முன்னங்காலால தரையை ஒரே உந்து உந்தி எழும்பியிருக்கும்னு சொல்றாங்க."

பம்பரம் பையைக் கீழே வைத்தார். செய்து பார்க்காமல் எப்படி நம்புவது?

மறுநாள் மதியம், இரண்டு கைகளிலும் குட்டைத் தடிகளைக் கட்டிக்கொண்டு பட்டறை முழுக்க நாலு காலில் உலாத்திக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு செருப்புகள் தெரிந்தன. நிமிர்ந்தால், மனைவி. ஆள் ஓடிவிட்டாரோ என்று பார்க்க வந்தவள், சிரிப்பதா அழுவதா என்று விழித்தாள்.

"என்னங்க கோலம் இது?"

"அதை விடு. இந்த டெரோசார் கழுத்தைக் கொஞ்சம் பிடி, ஒத்தை ஆளால முடியல."

வெட்டிய இறக்கைகளில் ஒன்று தரையில் கிடந்தது. மற்றொன்று மடிந்து, காலாக ஊன்றி நின்றது. அவள் கழுத்துக் கம்பியைத் தோளில் வாங்கிக்கொண்டு, பொறி படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒரு பக்கம் பற்றவைத்து முடித்து முகமூடியைத் தூக்கினார்.

"இது நின்னுடுமா?" என்றாள்.

"நின்னுடும்."

"அதுக்கப்புறம் நீங்க?"

வழக்கமான சத்தியம் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டார். தன்னை நினைத்தே அவருக்குப் பயமாக இருந்தது.

"தெரியலடி" என்றார். "இப்பவும் கால் அரிக்குது. நேத்து வாசல் வரைக்கும் போயிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் உண்மை அது. கழுத்தை மறு தோளுக்கு மாற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை வாசல் வரைக்கும் போனா, அங்க நின்னு எனக்கு ஒரு போன் போடுங்க" என்றாள். "நான் வர்ற வரைக்கும் நில்லுங்க."