வேலி தாண்டிய பாட்டு

எங்கள் புரொபசர் எலியாகிம் ஒரு துண்டுத் தோலை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஜெருசலேமை ஆட்டிவைத்தார். சாக்கடலோரக் குகையில் வௌவால் எச்சத்துக்கு நடுவே அவரே தோண்டி எடுத்தது. உள்ளங்கை அளவு, மூன்றே வரி. 'என் பாட்டு தொலைந்தது. வேலி தாண்டிப் போனது. கண்டவர் சொல்லுங்கள்.'

அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய யூதத் துறவி ஒருவர் கடவுளைத் தேடி அழுத பாட்டு என்று முந்நூறு பக்கம் எழுதித் தள்ளினார். அதில் நாற்பது பக்கம் வேலிக்கு மட்டும். வேலி என்பது வேலி இல்லையாம், இரண்டு உலகங்களுக்கு நடுவில் தொங்கும் திரையாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதை ராகம் போட்டுப் பாடினார்கள்.

அவர் மனைவி திர்சா பண்ணையில் மாடு கறந்து வளர்ந்தவள். தோலின் போட்டோவைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டாள்.

"எந்தப் பாட்டாவது வேலி தாண்டுமா? இது மாடுய்யா."

எங்கள் எபிரேயத்தில் ஷீர் என்றால் பாட்டு, ஷோர் என்றால் மாடு. எழுதும்போது நடுவில் இருக்கும் ஒரு குச்சிதான் வித்தியாசம். குட்டையாக இருந்தால் பாட்டு, கால் நீண்டால் மாடு. போய் சூப்பைக் கிளறு என்றார் புரொபசர். அன்றிலிருந்து திர்சா அவரைக் கூப்பிட்டதே 'என் மாடே' என்றுதான், விருந்தாளிகள் முன்னாலும். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் இறந்தபோது கல்லறைக் கல்லில் என்ன செதுக்கினார் தெரியுமா? 'என் பாட்டு தொலைந்தது.' தோலில் இருந்த அதே பழைய எழுத்தில். செத்தவளிடம்கூட அவர் ஜெயித்தாக வேண்டும். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

நான் ஹபீபா. ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் பழைய தோல்களைச் சுத்தம் செய்கிறவள். அந்தக் காலத்து மேதைகள் துண்டுகளை எதைப் போட்டு ஒட்டினார்கள் என்கிறீர்கள்? செல்லோடேப்! போன பனிக்காலத்தில் புரொபசரின் தோல் என் மேஜைக்கு வந்தது. அவர் கையாலேயே ஒட்டிய டேப்பின் பசை கறுத்துப்போய், அந்தக் குச்சியின் அடியை மூடியிருந்தது. மூன்று நாள் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கால் வெளியே வந்தது. நல்ல நீளமான கால்.

ஆளனுப்பி அவரை வரவழைத்தேன். பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தவர், டேப்பை மறுபடி ஒட்டிவிட முடியுமா என்று கேட்டார். வெட்கமாக இல்லையா என்று கேட்டேவிட்டேன். புத்தகம் நாசமாகப் போகட்டும், அவள் தலைமாட்டில் என் தப்பு நிற்கிறதே என்றார். நான் ஒட்டிக் கொடுக்கவில்லை.

மறுவாரம் அறிஞர்கள் கூடிய சபையில் எழுந்தார்.

"அது மாடு. யாரோ ஒரு விவசாயி அக்கம்பக்கத்துக்கு எழுதின சீட்டு. என் பெண்டாட்டி அன்னைக்கே சொன்னா."

உட்கார்ந்துவிட்டார். நாற்பது பக்க வேலியை நினைத்துப் பின்வரிசையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் என்னையும் கல்லறைக்கு அழைத்துப் போனார். யூத வழக்கப்படி ஒரு கூழாங்கல்லைக் கல்லறைமேல் வைத்தார். எழுத்தை அழித்துவிட்டு வேறு வரி போடப்போகிறாரா என்று கேட்டேன்.

"வேணாம் ஹபீபா. அந்தக் குச்சியோட கால மட்டும் நீட்டச் சொல்லியிருக்கேன். இத்தனை நாள் நான் பேசினது போதும். 'என் மாட்டைக் காணோம்'னு இனிமே அவ சொல்லட்டும்."