இனி பெரியவர்கள் வரிசையில்

நான் குழந்தைகள் சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸ். கரையான்சாவடியிலிருந்து ஒரு பெண் ஆறு வயதில் எங்களிடம் வந்தாள். அன்றிலிருந்து தினமும் நான்கு இன்சுலின் ஊசி. அவளுடைய அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஒரு மாதமும் தவறாமல் கூட்டி வருவார். டாக்டர் அவளிடம் எது கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். "நேத்து கொஞ்சம் தலை சுத்துதுன்னா சார். இப்ப நல்லா கீறா."

பதினெட்டு முடிந்தால் எங்கள் பிரிவில் பார்க்க மாட்டார்கள். பெரியவர்களுக்கான மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு ஆறு மாதம் இருக்கும்போது, அப்பாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னேன்.

"இன்னா சிஸ்டர், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லண்ணா. அவளே பேசிப் பழகட்டும்."

முதல் தடவை அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவைதான் வாய் திறந்தாள். பள்ளியில் டூர் போன இரண்டு நாளும் தோழிகள் எதிரில் வெட்கப்பட்டுப் பாதி ஊசிகளைப் போடவே இல்லையாம். இத்தனை வருஷம் பார்த்த எனக்கே தெரியாது. திட்ட வந்த வாயை அடக்கிக்கொண்டேன். அவளுடைய நோய், மருந்து, அளவு எல்லாவற்றையும் அவள் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்தேன்.

புது மருத்துவமனைக்கு அவளும் அப்பாவும் போன முதல் நாள், லீவு போட்டு நானும் போனேன். வரிசையில் எல்லோரும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். பக்கத்திலிருந்த ஒரு அம்மா அவளிடம், "யாருக்கும்மா சீட்டு, நைனாவுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் ஆன்ட்டி," என்றாள்.

உள்ளே இளம் டாக்டர் ஒருவர் நிமிராமலே, "சாதத்தைக் குறைங்க, நடங்க," என்று மாத்திரை எழுத ஆரம்பித்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பேசப் போனேன். அதற்குள் அவள் அந்தத் தாளை நீட்டிவிட்டாள்.

"சார், எனக்கு டைப் ஒன். ஆறு வயசுலேந்து இன்சுலின் போட்டுகினு கீறேன். வெறும் மாத்திரையில அடங்காது."

முழுதாகச் சொல்லி முடித்தாள். அவர் பேனாவை வைத்துவிட்டுத் தாளைக் கடைசி வரி வரை படித்தார். "சாரிம்மா, உட்காருங்க," என்றார்.

மூன்று மாதம் கழித்து போன் செய்தாள். டாக்டரிடம் பேசி ராத்திரி ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டாளாம். விடியற்காலையில் சர்க்கரை இறங்குவது நின்றுவிட்டதாம்.

"உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன் சிஸ்டர். அப்புறம் அவர்கிட்டயே கேட்டுட்டேன்."

நல்லது செய்தாய் என்றேன். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றியதை அவளிடம் சொல்லவில்லை.