அம்மாவின் சுருதி

போன வாரம் சித்தப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று தேயிலை வாசம். உங்களுக்கு அது வெறும் பழைய காகித வாசமாக இருந்திருக்கும். எனக்கு அது ஓப்பநாயக்க ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து பெக்டரி, அதில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த சித்தப்பா, அவர் சட்டை.

பெட்டியைத் திறக்க வைத்தவர் ஃபர்ஹானா. பலாங்கொடைப் பெண். பழைய இசைப் பத்திரிகையாளர்களின் கட்டுரைகள், கையெழுத்துப் பிரதிகள், கேசட்டுகள் எல்லாவற்றையும் தேடிப்பிடித்துக் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பது அவர் வேலை. எங்கள் சித்தப்பாவையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்களா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தேனே தவிர, ஃபர்ஹானா வருகிறேன் என்று சொன்னதிலிருந்து தூக்கமில்லை. பெட்டிக்குள் அம்மா பாடிய கேசட் ஒன்று இருந்தது. போட்டுக் கேட்க என்னிடம் எதுவும் இல்லை. அம்மா போய் எத்தனையோ வருடம் ஆகிறது. அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

சித்தப்பா கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு இசை விமர்சனம் எழுதினார். தோட்டத்துத் திருவிழா நாதஸ்வரத்தைக்கூட விடமாட்டார். தோளில் டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக நிற்கிற லயம் லயமாகப் போவார். லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது, பெட்டரிதான். புதுப் பெட்டரி வாங்க மட்டும் அவருக்கு மனசு வராது. தீர்ந்த பெட்டரியை ஊரெல்லாம் வெயிலில் காயவைத்து மறுபடி போடும். எந்நேரமும் மழை பெய்கிற எங்கள் பக்கத்தில் வெயிலுக்கு எங்கே போவது? பெக்டரியில் தேயிலை காய்கிற டிரையர் ஓரமாக அடுக்கிவைத்துச் சூடேற்றிக்கொண்டு வருவார். அவர் பையும் அப்படித்தான் மணக்கும்.

அந்தப் பெட்டரியைப் போட்டுத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் அம்மாவைப் பாடச் சொன்னார். அம்மன் திருவிழாவில் அவள் பாடுகிற பாட்டு. பிறகு பெக்டரி கரண்டில் போட்டுக் கேட்டுவிட்டு எழுதினார்: குரல் இனிமை, ஆனால் சுருதி ஓரிடத்தில் நிற்காமல் போகப்போக ஏறுகிறது. சொந்த அண்ணி என்றுகூடப் பார்க்காமல் எழுதிய நேர்மையில் மனுஷருக்கு ஒரே பெருமை. அப்பா பத்திரிகையை வாசித்துக் காட்டினார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குப் பாடத் தெரியாதுன்னு கொழும்புக்கே சொல்லிட்டாரு கொழுந்தனாரு. இனி எதுக்குங்க பாடணும்?"

அதோடு சரி. சித்தப்பாவுக்குச் சோறு போடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாட்டைத்தான் நிறுத்திவிட்டாள். தொட்டிலில் கிடந்த தம்பிக்காகக்கூட அவள் பிறகு வாய் திறக்கவில்லை.

ஃபர்ஹானா தான் கொண்டுவந்த பிளேயரில் கேசட்டை ஓடவிட்டார். பாட்டு ஏறிக்கொண்டே போய், கடைசியில் சின்னப் பிள்ளை பாடுகிற மாதிரி கீச்சென்று முடிந்தது.

"பாடினவங்க மேல பிழை இல்ல அக்கா. பெட்டரி இறங்கியிருக்கு. பதியும்போது டேப் மெதுவா சுத்தியிருக்கு, அதான் இப்ப போட்டா குரல் ஏறுது."

எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்ட? அம்மாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பாவி மனுஷா, ஒரு புதுப் பெட்டரி வாங்கியிருக்கக் கூடாதா!

அந்த ஏற்றத்தை ஃபர்ஹானா கணினியில் சமன் செய்துவிட்டார். ஆனால் தொடக்கத்திலேயே பெட்டரி எவ்வளவு இறங்கியிருந்தது என்று தெரியாததால், எந்த வேகத்தில் வருவது அம்மாவின் உண்மையான குரல் என்பதை அவள் குரலைக் கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டுமாம். ஒரு வேகத்தில் வைத்து, "இது ஹரியா அக்கா?" என்றார். சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிற எங்கள் பக்கத்தில் 'சரி'க்கு அதுதான் பேச்சு. ஹரி என்றேன். கொஞ்சம் இறக்கினார். அதுவும் அம்மா மாதிரித்தான் இருந்தது. இன்னும் இறக்கினார், அதற்கும் தலையாட்டினேன்.

"ஒண்ணத்தான் வைக்க ஏலும் அக்கா," என்றார் மெதுவாக.

அந்தப் பாட்டைக் கேட்ட ஆட்கள் யாரும் இப்போது இங்கில்லை. லயமே இல்லை, பெக்டரி இருந்த இடத்தில் காடு. என் ஒருத்தியால்தான் சொல்ல முடியும். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அம்மாவைப் பேசவிட்டுப் பார்த்தேன். பேசினாள். விடியற்காலையில் என்னை எழுப்பியது, திட்டியது, நான் கல்யாணமாகிப் போகும்போது சொன்னது, எல்லாம் ஒரு சொல் மாறாமல் வந்தது. எல்லாம் என் குரலில் வந்தது.