நாட்டுக்குக் கொடுத்த காது

எங்கள் குடிநீர் அலுவலகத்தின் புகார் ஜன்னலில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவரைப் பட்டாளத்தார் என்போம். பத்தொன்பது வயதில் ராணுவத்துக்குப் போய், இருபத்தாறில் இடது காதின் கேட்கும் சக்தியையும் இரண்டு விரலையும் எல்லையில் விட்டுவிட்டு, ஒரு பதக்கத்தோடு திரும்பியவர்.

"பதக்கம் எதுக்குண்ணே குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"குண்டு விழுந்துச்சு. எல்லாரும் ஓடினாங்க. எனக்குக் கால் வரல தம்பி. வீரம்னு எழுதிட்டாங்க."

அவருக்குப் பின்னால் காயம்பட்ட இரண்டு பேர் கிடந்ததைச் சான்றிதழில்தான் படித்தேன். அது அவர் மேசை இழுப்பறையில், முத்திரைகளுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது.

ஜன்னலில் யாராவது, "ஏன்யா, கொஞ்சம் காது கொடுத்துத்தான் கேளேன்" என்று எகிறினால், "ஒண்ண நாட்டுக்குக் குடுத்தாச்சும்மா. மிச்சது உங்களுக்குத்தான், மெதுவா சொல்லுங்க" என்பார்.

அவர் ஓய்வுபெறும் மாதம், தையல்காரம்மா ஒருத்தி பதினோரு நாளாக வந்துகொண்டிருந்தாள். அவள் தெருக் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது, மகள் மருத்துவமனையில். சாலையைத் தோண்டப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். பொறியாளர் தட்டிக்கழிக்கும் குரல் எனக்கு அப்படியே வரும், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டால் போதும்: "பா...ர்க்கலாம்."

அதே பொறியாளர்தான் பட்டாளத்தாருக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். முன்னாள் வீரர்களைக் கௌரவிக்கும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பட்டாளத்தார் மூன்று முறை மறுத்தார். நாலாவது முறை, "மேடையில யாரு இருப்பா?" என்று கேட்டார்.

"பொறியாளர்தாண்ணே."

"அப்ப வரேன்."

விழாவில் மைக் பிடிக்கும் வேலை எனக்கு. பொறியாளர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பது தன்னைப் பற்றியே. முடிக்கும் வேகத்தில், "இந்த வீரர் எதைக் கேட்டாலும் தரக் கடமைப்பட்டிருக்கிறோம்" என்று வாயை விட்டுவிட்டார்.

பட்டாளத்தார் சட்டைப்பையிலிருந்து தையல்காரம்மாவின் மனுவை எடுத்து நீட்டினார். "ஒரே ஒரு கையெழுத்து சார்."

பொறியாளர் சிரிப்பு மாறாமல் குனிந்து, அவருடைய இடது காதில், "நாளைக்குப் பார்க்கலாமே" என்றார்.

பட்டாளத்தார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த மைக்கை இழுத்து, "ரொம்ப நன்றி சார். இப்பவே போடறேன்னு சொல்லிட்டாரு" என்றார்.

கூடம் அதிரக் கைதட்டல். பேனாவை நான்தான் கொடுத்தேன்.

கையெழுத்திடும் படம் இப்போது எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. பொறியாளர் முழுதாக இருக்கிறார். பட்டாளத்தார் பாதிதான் விழுந்திருக்கிறார்.

சாலையை மறுநாளே தோண்டினார்கள். ஓய்வுபெற்ற மனிதர் குழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதால் வேலை நிற்க வழியில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்து வந்தது. தையல்காரம்மா ஒரு குடம் பிடித்து, முகர்ந்து, தானே குடித்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் மகளைக் கூட்டிவரக் கிளம்பினாள்.