பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக் கள்ளி

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே வாசலில் ஒரு சப்பாத்திக்கள்ளித் தொட்டி வைத்தோம். கண் திருஷ்டிக்கு. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனவள் அவள். இந்த முறை எதையும் விட்டுவிட எங்களுக்குத் தைரியம் இல்லை. சாமிக்கு அபிஷேகம் செய்த பாலும் தண்ணீரும் கலந்ததை என் மனைவி தினமும் அந்தத் தொட்டியில்தான் ஊற்றுவாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் வாசல் தெளிக்கப் போனவள் கூப்பிட்டாள். "என்னங்க, கொஞ்சம் இங்கன வாங்க." குரலே சரியில்லை.

கள்ளி மடல் ஒன்றில் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம். விரலால் அமுக்கினேன். மெத்தென்று அமுங்கி, விரலில் ஈரம் ஒட்டியது.

"கண்ணு பட்டுட்டு," என்றாள்.

"சத்தம் போடாத, உள்ள மகளுக்குக் கேக்கும்." அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கும் அதே நினைப்புத்தான்.

போனில் படம் எடுத்துக்கொண்டு பஜாரில் உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, நம்ம கரிசல்ல கள்ளிக்கு வைத்தியம் பார்க்க வந்த மொத ஆளு நீங்கதான்." பிறகு கேட்டார். "அடியில காஞ்ச பழுப்பா, கட்டியா இருந்தா அது முத்தல். வெயில் பட்ட பக்கம் வெளுத்திருந்தா வெயில் கொப்புளம். ரெண்டுக்கும் பயமில்ல. இது அமுங்குதா?"

"அமுங்குது."

"அப்ப அழுகல். தண்ணி கூடிப்போச்சு. பழுப்பு தெரியாம போற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, கந்தகத் தூளத் தடவுங்க. காயிற மட்டும் சொட்டுத் தண்ணி காட்டாதிய."

"வெட்டாம ஒண்ணும் செய்ய முடியாதா?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கோ?"

தலையை ஆட்டினேன். மாசமான பெண் இருக்கிற வீட்டில் உயிருள்ள மரம் செடியில் கத்தி வைக்க மாட்டோம். அது வயிற்றுப் பிள்ளையைத் தொடும் என்பார்கள். அவர் தூளைப் பொட்டலம் கட்டித் தந்தார்.

வீட்டில் மனைவியும் நானும் தாழ்ந்த குரலில் மல்லுக்கட்டினோம். வெட்டினால் பிள்ளைக்கு ஆகாது. விட்டுவைத்தால் செடி முழுக்க அழுகும். தூக்கி எறிந்தால் காவலுக்கு வைத்ததை நாமே விரட்டிய மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம். செண்பகவல்லித் தாயே என்று கண்ணை மூடினால், மூடிய கண்ணுக்குள்ளும் அந்தக் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இடுப்பில் கையை ஊன்றியபடி வந்து நின்றாள்.

"எப்பா, நாளைக்கு எனக்கு ஆபரேஷன்னு சொன்னா, கத்தி ஆகாதுன்னு டாக்டர்ட்ட சொல்லுவியளா?"

"வாயக் கழுவுட்டி," என்று மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கத்தியை அடுப்பில் காட்டிச் சுட்டேன். முள் குத்தாமல் மடலைப் பேப்பரால் பிடித்து, கணுவோடு அறுத்தேன். அடுத்த மடலிலும் உள்ளே பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அதையும் அறுத்தேன். முருகா, முருகா என்று ஒவ்வொரு அறுப்புக்கும் சொன்னேன். வெள்ளரிக்காய் மாதிரிச் சுத்தமான பச்சை தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன். வெட்டுவாயில் தூளை அப்பி, தொட்டியை மழை படாத இடத்துக்கு நகர்த்தினேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த மகள் சோற்றைத் தொடவில்லை.

"எம்மா, காலையில இருந்து பிள்ள அசையவே இல்ல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கள்ளி இருந்த பக்கம் பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் மகள் அவள் அம்மா மேல் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். திரும்பிப் பார்க்கப் பயம். என் தப்புக்கு என்னை எடுத்துக்கோ தாயே, அதுகளை விட்டுரு என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினாள். கரகரப்பு மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். திடீரென்று டபடபவென்று அறை முழுக்கச் சத்தம்.

"நல்லாத்தான் இருக்கு. தூங்கியிருக்கும். அதுக்கு மூணு பேரும் இப்படியா முழிப்பிய? ஆனா அசையலன்னா உடனே வந்துரணும், இன்னைக்கு வந்த மாதிரி."

மகள் தலையைத் தடவக் கையை நீட்டினேன். அவள் மூக்கைச் சுளித்தாள்.

"எப்பா, கையக் கழுவிட்டு வாங்க. கந்தகம் நாறுது."

வெளியே குழாயைத் திறந்தேன். கை கழுவி வெகுநேரம் ஆன பிறகும் குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தம் இருக்கும்வரை அழுதுகொள்ளலாம் என்று இருந்தது.